தொட்டி வேலை

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் எனக்குத் தொட்டி வேலை. ஆறு வருடம் பேக்கிங்கில் நின்றேன், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறி மாறி. தொட்டிக்கு மட்டும் எப்போதும் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து. மகள் யாழினி பள்ளிவிட்டு வந்து ஒரு மணி நேரத்தில் நானும் வீட்டில் இருப்பேன். நான்காம் வகுப்பு வந்துவிட்டாள், இனிமேலாவது பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு சொல்லித் தரவேண்டும்.

முன்பு பார்த்த அமராவதி அக்கா மார்ச்சில் நின்றுவிட்டார். அம்மை போட்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கம்பெனிக்கு வந்தே நாலு மாதம்தான், யாருக்கும் அவ்வளவு பழக்கமில்லை. அதன்பிறகு ஆள் மாற்றி ஆள் பார்த்தார்கள். எப்படியோ எனக்கு வந்தது.

கம்பெனி கொடுத்த டைரியில் இதுவரை மளிகைச் சாமான்தான் எழுதிவந்தேன். இனி நாள்நடப்பும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

வேலை பழகிவிட்டது. தொட்டி இடுப்பு உயரம். அடியில் மருந்து கொதித்தபடியே இருக்கும். டிரம்மில் ட்ரைக்ளோரோ என்று தொடங்கி நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கிறது; எல்லோரும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பித்தளை வால்வுகளைக் கம்பிக் கூடையில் போட்டுச் சங்கிலியில் இறக்கவேண்டும். ஆவி பட்டதும் பிசுக்கு கரைந்து ஒழுகிவிடும். இரண்டே நிமிடம். மேலே ஏற்றினால் நகைக்கடையில் வைத்தது மாதிரி மின்னுகிறது.

பின்னால் ஆவியை உறிஞ்ச ஒரு பெரிய விசிறி இருக்கிறது. சூப்பர்வைசர் தண்டபாணி சார் அதைப் போடவேண்டாம் என்றார். “அதப் போட்டா மருந்து சீக்கிரம் தீந்துருது அம்மிணி. ஆபீசருங்க யாராச்சும் வந்தா மட்டும் போட்டுக்குங்க.”

சத்தம் இல்லாமல் இருப்பதும் நல்லதுதான்.

ஜூன் 20, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. யாழினிக்கு நோட்டு அட்டை போட்டேன். மடியில் தலை வைத்துப் படுத்தவள் எழுந்துகொண்டாள். “அம்மா, உம்மேல நெயில் பாலிஷ் மாதிரி வாசன அடிக்குது.” தலைக்குக் குளித்துவிட்டு வந்தும் போகவில்லை. இனிப்பான வாசனை. கெட்ட நாற்றம் ஒன்றுமில்லை.

மத்தியானத்துக்குமேல் தலை கொஞ்சம் லேசாகிறது. வெளியே வந்து நின்றால் சரியாகிவிடுகிறது.

ஜூன் 28, சனி

இரண்டு முழங்கையிலும் அரிப்பு. புதிதாக வாங்கிய பாத்திர சோப்பாக இருக்கும். பழைய சோப்பே வாங்கிவரச் சொன்னேன்.

ஜூலை 1, செவ்வாய்

காய்ச்சல் நூற்றிரண்டு. முகம், கழுத்து, மார்பெல்லாம் சிவப்பாகத் தடித்துவிட்டது. அத்தை பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆத்தா வந்திருக்கறா கண்ணு. ஊசி கீசின்னு எங்கயும் போகப்படாது. தண்ணி ஊத்தற வரைக்கும் வெளிய காலு வைக்காத.”

வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையிலிருந்து வந்து வாசலிலேயே கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். யாழினி சுமித்ராவோடு அடுத்த அறையில் படுத்துக்கொள்கிறாள்.

சுமித்ரா இவருடைய தங்கை. புருஷனைவிட்டு வந்து ஒன்றரை வருடமாகிறது. இரண்டு வயசு இனியாவை அத்தையிடம் விட்டுவிட்டு என்னோடு கம்பெனிக்கு வருகிறாள், பேக்கிங் பிரிவுக்கு. நான்தான் சேர்த்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மூன்று தண்ணி ஊற்றியாயிற்று. தடிப்பு வடிந்து தோல் உமியாக உதிர்கிறது. பசிக்கிறது. கம்பு தோசை நான்கு சாப்பிட்டேன். அத்தை மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

வேலைக்குப் போனேன். எட்டே காலுக்கு முதல் கூடை. பதினொன்றுக்குக் கண் எரிந்தது. இரண்டு மணிக்குக் கண்ணாடியில் பார்த்தால் என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இமை பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. தண்டபாணி சார் ஷிப்ட் முடிந்து கிளம்பிய வேனில் ஏற்றி அனுப்பினார். வண்டியில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அம்மை இரண்டாவது தடவை வந்தால் பாவம் ஏதோ செய்திருக்கவேண்டும் என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

ஜூலை 15, செவ்வாய்

கண் மஞ்சள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. காமாலை என்று அத்தை கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார். அப்படியே வாந்தி.

ஜூலை 16, புதன்

எழுந்து நிற்க முடியவில்லை. சுமித்ராவிடம் கம்பெனிக்கு லீவு சொல்லச் சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இவர் தோளில் போட்டுத் தூக்கிவந்ததாகச் சொல்கிறார், எனக்கு நினைவில்லை.

இன்று மட்டும் மூன்று டாக்டர்கள் வந்தார்கள். மூன்று பேரும் ஒரே கேள்வி: குடிப்பீர்களா, நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா, ரத்தம் ஏற்றினார்களா. எதற்கும் இல்லை, கீழாநெல்லிக்கு மட்டும் ஆமாம். ஈரலிலிருந்து வரும் ஏதோ ஒரு கணக்கு நாற்பதுக்குள் இருக்கவேண்டுமாம். எனக்கு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். நர்ஸ் சொல்லும்போது பக்கத்துக் கட்டில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யாழினியை வார்டுக்குள் விடவில்லை. கீழே நிற்கிறாள் என்றார்கள். ஜன்னல்வரை நடக்க முடியவில்லை.

ஜூலை 21, திங்கள்

டாக்டர் மெஹருன்னிசா காலையில் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் நின்றபடி பேசுவார்கள். தலையணைக்குக் கீழே இருந்த டைரியைப் பார்த்தார்.

“தினமும் எழுதுவீங்களா?”

“தோணும்போது எழுதுவனுங்க.”

“மொதல்ல அரிப்பு வந்தது என்னைக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

நான் தேதிகளைப் படித்தேன். அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். தொட்டிக்குப் போனது ஒன்பதாம் தேதி. இருபதாவது நாள் அரிப்பு. வீட்டில் இருந்தவரை வடிந்துகொண்டே வந்தது. மறுபடி தொட்டிக்குப் போன அன்றைக்கே முகம் வீங்கியது.

“இது அம்மை இல்லம்மா,” என்றார். “அந்தத் தொட்டியில என்ன இருக்கு?”

“மருந்துங்க.”

“என்ன மருந்து? டிரம்ல என்ன எழுதியிருந்துச்சு?”

ட்ரைக்ளோரோ என்றதும் அவர் பேனா நின்றது.

மெதுவாகத்தான் விளக்கினார். எனக்குப் புரிந்தவரை இது. அந்த ஆவியைச் சுவாசிக்கிற எல்லோருக்கும் இப்படி ஆகாது. சிலருடைய உடம்பு மட்டும் அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். ஆரம்பித்த இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் வரும். அதோடு ஈரலையும் சேர்த்து அடிக்கும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வந்தவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து.

“உங்களுக்கு முன்னாடி அந்த வேலைய யாரு பாத்தாங்க?”

அமராவதி அக்காவைச் சொன்னேன். அம்மை போட்டு நின்றுவிட்டதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது மாதிரி எனக்குக் கேட்டது.

“அந்த வேலைக்கு உங்கள யாரு மாத்துனது?”

நானேதான் கேட்டு வாங்கினேன். மூன்று தடவை தண்டபாணி சார் முன்னால் போய் நின்றேன்.

இப்போது அங்கே யார் என்றும் கேட்டார். தெரியாது என்றேன்.

இன்றிலிருந்து ஸ்டீராய்டு. தினமும் காலையில் என் பெயரையும் கிழமையையும் எழுதிக் காட்டவேண்டும். ஈரல் மோசமானால் மூளை குழம்பும், முதலில் கையெழுத்தில்தான் தெரியும் என்று நர்ஸ் சொன்னார். சொல்லியிருக்கவேண்டாம்.

ஜூலை 22, செவ்வாய்

திலகவதி
திலகவதி
திலவதி

செவ்வாய்.

மூன்றாவதை நர்ஸ்தான் காட்டினார். நான் எழுதும்போது சரியாகத்தான் எழுதினேன்.

ஜூலை 23, புதன்

திலகவதி. புதன். யாழினி நான்காம் வகுப்பு பி பிரிவு. இவர் பெயர் கனகராஜ். எங்கள் வீடு சின்னவேடம்பட்டி. ஏழெட்டு ஐம்பத்தாறு.

கை நடுங்குகிறது. எழுத்து விடுபடவில்லை. நான்கு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

கணக்கு எண்ணூறுக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு இட்லி தங்கியது.

தண்டபாணி சார் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். இவர் வெளியே டீக்குப் போயிருந்த நேரம்.

“எனக்கு நெம்ப சங்கடமுங்க அம்மிணி. டாக்டரம்மா கம்பெனிக்கு போன் பண்ணி, மருந்து பேரு என்ன, விசிறி ஓடுதான்னு கேக்கறாங்களாமா. நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?”

“கேட்டாங்க, சொன்னனுங்க.”

“சிவராசு நாலு வருசம் அந்தத் தொட்டில நின்னான். இப்பத் திருப்பூர்ல கல்லாட்ட இருக்கறான். ஒரு தும்மல் போட்டிருப்பானா? உங்க உடம்புக்கு ஆகலீன்னா அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? வர்ற மாசம் சரக்கு வாங்கற ஜெர்மனிக்காரங்க வர்றாங்க. அவங்க போற வரைக்கும் இதப் பெருசு பண்ணாதீங்க. அறுவது பொம்பளைங்க சோறு திங்கற எடமுங்க. உங்களுக்கு ஸ்டோர்ல உக்காந்து எழுதற வேல போட்டுத் தர்றன்.”

போக எழுந்தவர், “தொட்டிக்கு ஆள் வந்தாச்சுங்க, அதப் பத்திக் கவலப்படாதீங்க,” என்றார்.

யார் என்று அவரிடம் கேட்கவில்லை.

சிவராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். எல்லோருக்கும் வராது என்று டாக்டரும்தானே சொன்னார்.

ஜூலை 28, திங்கள்

சாயங்காலம் சுமித்ரா கம்பெனியிலிருந்து நேராக வந்தாள். குனிந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் தலைமுடியில் அந்த வாசனை.

“நீங்க சொன்ன மாதிரியே எடத்தப் புடிச்சுட்டன் அண்ணி. அந்தப் புஷ்பா கேட்டுட்டு இருந்தாளாம். நான் பதினாறாந் தேதியே போயி நின்னுட்டன். இனியா இப்பெல்லாம் அஞ்சு மணிக்கு மேல வாசல்லயே நிக்கறா, என்னையப் பாக்க.”

ஆமாம். ஜூலை பதினாறாம் தேதி லீவு மட்டும் சொல்லச் சொல்லவில்லை. நான் வரும்வரை தொட்டியை வேறு யாரும் பிடித்துவிடாமல் நீ போய் நின்றுகொள் என்றும் சொன்னேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. இருபத்தொன்றாம் தேதி தெரியும்.

இன்று சொல்லியிருக்கலாம். இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தங்கை என்றால் இவருக்கு உயிர். யார் அவளை அங்கே விட்டது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? சொன்னால் நாளைக்கே அவள் மறுபடி ஷிப்டில் நிற்கவேண்டும். அவள் உடம்பு என் உடம்பு இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள்.

அவள் தொட்டிக்குப் போய்ப் பதின்மூன்று நாள் ஆகியிருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

டிஸ்சார்ஜ். கணக்கு இருநூற்றுப் பத்து. மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாது. அந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்கக்கூடாது. டாக்டர் மெஹருன்னிசா கிளம்பும்போது மறுபடி கேட்டார். “அந்த அமராவதி எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுதா? தொட்டியில இப்ப நிக்கறது யாருன்னு கேட்டீங்களா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரத்தப் பரிசோதனை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு அன்னூர் பஸ் ஏறினேன். வேன் டிரைவரிடம் அமராவதி அக்கா வீட்டுக்காரர் எண் இருந்தது. வழி கேட்டபோது அவர் வேறெதுவும் சொல்லவில்லை, வாங்க என்று மட்டும் சொன்னார்.

ஓட்டு வீடு. நடுச்சுவரில் அக்காவின் படம். மாலை காய்ந்துபோய்ப் பூ எது நார் எது என்று தெரியவில்லை.

ஏப்ரல் நான்காம் தேதியாம்.

அவர் பெயர் மாரப்பன். மாடு கட்டப் போனவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அம்மைன்னுதானுங்க நெனச்சோம். பத்து நாள் வேப்பெலயில படுக்க வச்சன். கண்ணு மஞ்சளாச்சு. ஆத்தா எறங்குனா சரியாப் போயிருமுன்னாங்க. கடைசில என்னைய யாருன்னு கேட்டா. அப்பத்தான் காரு புடிச்சன். அவனாசி ரோட்டுல போகையிலயே...”

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “நீங்களும் அதே வேலதானுங்களா?”

ஆமாம் என்றேன்.

“உங்களுக்கும் அம்மையா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது அம்மை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

சுமித்ராவிடம் இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் செய்தோம். சுமித்ரா புதுச் சுடிதாரில் இருந்தாள், முழுக்கை வைத்தது. அடுப்படி வெக்கையிலும் கையை மடித்துவிடவில்லை. தேங்காய் துருவும்போது இரண்டு தடவை முழங்கையைச் சுவரில் தேய்த்தாள்.

“என்ன, கடிக்குதா?”

“கொசுங்க அண்ணி.”

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சாதத்தைப் பாதியில் வைத்தேன். மாத்திரையால் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழே காலுக்கு அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் குளியலறையில் இருந்தேன். வெளியே வந்தபோது அத்தை இனியாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, “சுமிக்கு மேலு சுடுது. வேலைக்குப் போகாதீன்னா கேக்க மாட்டீங்கறா,” என்றார்.

வேன் பேக்கரி முன்னால் நிற்கும். எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு அடிகூட இருக்காது. பாதியிலேயே ஒரு மதில் சுவரைப் பிடித்து நின்றேன். வேன் கிளம்ப உறுமியது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினார்.

ஏறினேன். பதினைந்து பெண்கள் இருந்தார்கள். சுமித்ரா மூன்றாவது வரிசையில்.

“எறங்கு சுமி.”

“என்னங்க அண்ணி, நேரமாச்சு.”

“எறங்கு. நீ தொட்டிக்குப் போகக் கூடாது. எனக்கு வந்தது அம்மையில்ல. அந்த மருந்துதான். அமராவதி அக்கா செத்துப்போச்சு. வெள்ளிக்கெழம அவங்க வீட்டுக்கே போயிட்டு வந்தன்.”

பின்னாலிருந்து புஷ்பா, “காலங்காத்தால என்ன பேச்சு இது? கம்பெனிய மூட வெக்கறதுக்கா?” என்றாள்.

சுமித்ராவின் முகம் கறுத்துவிட்டது. “நீங்கதான போகச் சொன்னீங்க. இப்ப நான் நல்லா நிக்கறது பொறுக்கலையா உங்களுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. போங்க வீட்டுக்கு.”

நான் அவள் கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை சிவந்து தடித்து, சொறிந்த இடத்தில் நீர் கோத்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று எழுந்தாள். எழுந்தவள் விலகிப் போகவில்லை, சுமித்ராவின் பையை எடுத்துக்கொண்டு எங்களோடு கீழே இறங்கினாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

டிரைவர் அண்ணன் எங்களை மறுபடி ஏறச் சொல்லி, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் கம்பெனிக்குப் போனார். மற்றவர்களும் வேனிலேயே இருந்தார்கள். வழி முழுக்கச் சுமித்ரா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அதே வார்டு. நான் படுத்த கட்டிலுக்கு எதிர்க்கட்டில். நேற்று முந்நூறு இருந்த கணக்கு இன்று தொள்ளாயிரம். டாக்டர் மெஹருன்னிசா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் ஏறும், மூன்று நாள் தாண்டவேண்டும் என்றார். சீக்கிரம் கூட்டிவந்தது நல்லது என்றும் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இருபத்தொன்றாம் தேதியையும் சேர்த்து. இவர் கத்தவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தங்கைக்கு இளநீர் வாங்கப் போனார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆயிரத்து ஐநூறு. என்னைவிட அதிகம்.

அவளிடமும் பெயர் எழுதச் சொல்கிறார்கள். தாளை நர்ஸ் வாங்குவதற்குள் நான் எட்டிப் பார்க்கிறேன். சுமித்ரா. நான்கே எழுத்து. எதை விட்டாலும் தெரிந்துவிடும்.

இனியா இரவில் என்னோடு படுக்கிறாள். காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போகிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

சுமித்ரா. சனி. சரியாக எழுதியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆயிரத்து நூறு. இறங்குகிறது. ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருவர், “ஆரு தவறுனாங்க?” என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணை. டாக்டர் எழுதிய கடிதத்தின்பேரில் தொட்டியைச் சென்ற வாரமே மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். இன்று என்னையும், நேற்று வீடு திரும்பிய சுமித்ராவையும், மாரப்பன் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். தண்டபாணி சார் வராந்தாவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் மாரப்பன் அண்ணனிடம் போனேன். அன்றைக்குச் சொல்லாமல் வந்ததைச் சொன்னேன். அது அம்மை இல்லை என்று சொன்னேன். “அப்பொ ஊசி போட்டிருந்தாப் பொழச்சிருப்பாளுங்களா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். விசிறி எப்போது ஓடும், யார் நிறுத்தச் சொன்னது, கையுறை உண்டா. எல்லாவற்றையும் சொன்னேன். சுமித்ரா என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

“இவங்க தொட்டிக்கு எப்படிப் போனாங்க?”

“நான்தானுங்க போகச் சொன்னன். ஜூலை பதினாறு.”

“அந்த ரசாயனம்தான் காரணம்னு உங்களுக்குத் தெரிஞ்சது எப்ப?”

“ஜூலை இருபத்தொண்ணு.”

“இவங்ககிட்டச் சொன்னது?”

“ஆகஸ்ட் நாலு.”

அவர் எழுதினார். அவருக்கு அது ஒரு தேதி, அவ்வளவுதான். சுமித்ரா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இதுவரை தெரியாது. இவர் அவளிடம் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கை ஒன்று காலியாக இருந்தும் அவள் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். கணபதி நிறுத்தம் தாண்டும்வரை அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து நடுவில் தோல் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான்.

எங்கள் நிறுத்தத்தில் இறங்கி நடக்கும்போது அவளே பேசினாள்.

“பதினாலு நாளு.”

“ஆமா.”

“எனக்கு அரிப்பு வந்தது முப்பதாந் தேதி. உங்களுக்கு வந்த மாதிரியேன்னு எனக்கும் தெரிஞ்சுது அண்ணி. அம்மைன்னு சொல்லி அனுப்பீருவாங்க, எடம் போயிரும்னுதான் முழுக்கை எடுத்துப் போட்டன். அஞ்சு நாளு.” கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள். “நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன்.”

எனக்காகச் சொல்கிறாளா, உண்மையாகவே அப்படித்தானா என்று அவள் முகத்தில் தேடினேன். அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. கேட்டிருப்பாளோ மாட்டாளோ, சொல்லிப் பார்த்திருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்?

“கேட்டிருப்ப சுமி,” என்றேன்.

மீதித் தூரம் அவள் என் வேகத்துக்கே நடந்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

வேனிலிருந்து அன்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிய பெண் வீட்டுக்கு வந்தாள். பெயர் ரெஜினா. மார்ச்சிலிருந்து மே வரை முறை வைத்துத் தொட்டியில் நின்றவர்களில் அவளும் ஒருத்தியாம். இன்னும் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு ரத்தம் பார்க்கப் போகவேண்டும், டாக்டரம்மாவிடம் நான் கூட வந்து பேசவேண்டும் என்றாள். அதில் புஷ்பாவும் இருக்கிறாள்.

திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். “இன்னைக்கே போலாம்,” என்று சொன்னேன். சுமித்ரா உள்ளேயிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.